கதிர் சுழன்ற நாடுகள்: பஞ்சாலை பரவிய வரலாறு

தொழில் வளர்ச்சி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பரவிய வரலாற்றைப் பொருளியல் நூல்கள் பெரும்பாலும் விழுக்காட்டுக் கணக்கில் எழுதி வைத்திருக்கின்றன. எந்த நாட்டில் எந்த ஆண்டு முதல் ஆலை உற்பத்தி விரைந்து பெருகிற்று, முன்னேறிய நாடுகளை அது எவ்வளவு எட்டிப்பிடித்தது என்பன அந்தக் கணக்குகளால் விளங்கும். ஆனால் பரவியது எது, எவர் கைவழியாகப் பரவியது, இடையில் எது தங்கிப்போயிற்று என்பன விளங்க வேண்டுமானால் ஏதேனும் ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டு, அது கடல் கடந்து போன தடத்தைப் பின்தொடர வேண்டும். இவ்வுரை அதற்குப் பஞ்சாலையை எடுத்துக்கொள்கிறது. இரும்பாலைக்கு வேண்டிய பெருமுதல் நூற்பாலைக்கு வேண்டியதில்லை. துணிக்குச் சந்தை ஏற்கெனவே உண்டு. வெப்ப நாடுகள் பலவற்றில் பருத்தி அங்கேயே விளைகிறது. ஆதலால் ஏழை நாடு ஒன்று ஆலைத்தொழிலில் கால் வைத்தபோது முதலில் எழுந்தது பெரும்பாலும் நூற்பாலையின் புகைபோக்கியாகவே இருந்தது.

பிரிட்டன் தன் இயந்திரங்களை நெடுங்காலம் பூட்டியே வைத்திருந்தது. கைத்திறன் படைத்த தொழிலாளர் வெளிநாடு செல்வதைத் தடுத்த சட்டம் 1824இல்தான் நீங்கியது; நூற்பு இயந்திரங்களை ஏற்றுமதி செய்வதற்கிருந்த தடை 1843இல்தான் முற்றாக விலகியது. தடை இருந்த காலத்திலும் அறிவு கசிந்துகொண்டுதான் இருந்தது என்பதற்கு, 1789இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, இயந்திர அமைப்பை நினைவிலிருந்தே மறுபடி உருவாக்கிய சாமுவேல் ஸ்லேட்டர் சான்று. 1843க்குப் பிறகோ கசிவுக்கு வேலையே இல்லாமற் போயிற்று. லங்காஷயர் மாவட்டத்து ஓல்டம் நகரிலிருந்த பிளாட் பிரதர்ஸ் போன்ற நிறுவனங்கள், பணம் கொடுப்பவர் எந்நாட்டவராயினும், பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம் முதல் நூற்கும் இயந்திரம் வரை ஓர் ஆலைக்கு வேண்டிய அனைத்தையும் செய்தளித்து, அவற்றை நிறுவிக்கொடுக்க ஆட்களையும் அனுப்பிவைத்தன. பம்பாயிலும் ஒசாகாவிலும் ஷாங்காயிலும் சுழன்ற கதிர்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்படச்சாலைகளிலிருந்து வந்தவை. கதிர் என்பது இழையை முறுக்கிச் சுற்றும் சுழல்தண்டு. ஓர் ஆலையின் அளவை அதன் கதிர் எண்ணிக்கையால் குறிப்பது இத்தொழிலின் வழக்கம். ஒரே கதிர், ஒரே விலை, ஒரே வரைபடம் என்றிருக்க, சில நாடுகளில் அது தொழில்நாகரிகமாக வேர்விட்டதும் சில நாடுகளில் நட்டு வைத்த கம்பமாகவே நின்றதும் எதனால் என்பதுதான் இங்கே ஆராயத்தக்கது.

இரும்பு எளிதாகப் பயணம் செய்தது. அதைச் சூழ்ந்திருக்க வேண்டிய அதிகாரம் அவ்வாறு பயணம் செய்யவில்லை. ஒட்டோமான் பேரரசின் கீழ் எகிப்தை ஆண்ட முகம்மது அலி 1830களுக்குள் ஏறத்தாழ 30 நூற்பாலைகளை அரசுச் செலவில் எழுப்பினார். நிலக்கரி இல்லாத நாட்டில் அவற்றுட் பல மாடுகளால் இழுத்தே இயக்கப்பட்டன. உள்நாட்டில் அரசின் தனியுரிமையும் படையின் சீருடைத் தேவையுமே அவற்றைத் தாங்கி நின்றன. 1838ஆம் ஆண்டின் ஆங்கில–ஒட்டோமான் வணிக உடன்படிக்கை அத்தனியுரிமைக்கு முடிவு கட்ட, ஒட்டோமான் சுல்தானோடு 1841இல் ஏற்பட்ட உடன்பாடு எகிப்தியப் படையை 18,000 பேராகச் சுருக்க, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. மெக்சிகோவில் அமைச்சர் லூகாஸ் அலமான் 1830இல் நிறுவிய பாங்கோ டெ அவீயோ என்னும் அரசு வங்கி, அயல்நாட்டுப் பருத்தித் துணிமீது வாங்கிய இறக்குமதித் தீர்வையில் ஒரு பங்கையே உள்நாட்டு ஆலைகளுக்குக் கடனாக வழங்கியது. அக்காலத்துக்கு மிகக் கூர்மையான யோசனை அது. புவெப்லா நகரில் 1835இல் இயங்கத் தொடங்கிய லா கான்ஸ்டான்சியா மெக்சிகானா ஆலை அக்காலத்து முயற்சிகளில் தலையாயது. கருவூலம் வறண்டபோது வங்கி 1842இல் மூடப்பட்டது என்றாலும் ஆலைகள் முற்றாக அழிந்துவிடவில்லை. எகிப்துக்கும் மெக்சிகோவுக்கும் இடையிலிருந்த வேறுபாடு, தீர்வை விதிக்கும் உரிமையை மெக்சிகோ தன் கையில் வைத்திருந்ததுதான்.

இந்தியாவில் ஆலைத்தொழிலை வேரூன்றச் செய்தவர் பார்சி வணிகரான காவஸ்ஜி நானாபாய் தாவர். அவர் 1854இல் தொடங்கிய பம்பாய் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் கம்பெனி 1856இல் நூல் நூற்கத் தொடங்கியது. பின் வந்த ஆலைகள் நூற்ற தடித்த நூலின் பெரும்பகுதி சீனத்துக் கைத்தறியாளரிடம் போய்ச் சேர்ந்தது. ஜம்ஷெட்ஜி டாட்டா 1877இல் நாக்பூரில் எம்ப்ரஸ் ஆலையைத் திறந்தபோது, பருத்தி விளையும் இடத்துக்கே ஆலையைக் கொண்டுபோகும் எண்ணம் செயலுக்கு வந்தது. அந்த ஆலையின் சிறப்பு இடத்தேர்வோடு நிற்கவில்லை. ரிங் கதிர் லங்காஷயரிலேயே ஐயத்தோடு பார்க்கப்பட்ட 1880களில் அதை வாங்கி ஓட்டிப் பார்த்த ஆலைகளில் அதுவும் ஒன்று.

இந்த ரிங் கதிரைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் ஆலைத்தொழில் ஏழை நாடுகளுக்குப் போன வழி பெரிதும் இதனூடாகவே சென்றது. லங்காஷயர் நம்பியிருந்த மியூல் என்னும் இயந்திரத்தில் கதிர்கள் அனைத்தும் சக்கரங்கள் பூட்டிய நீண்ட வண்டியொன்றின்மேல் நிற்கும். வண்டி ஏறத்தாழ ஐந்தடி தூரம் வெளியே வந்து இழையை நீட்டி முறுக்கும். பிறகு நின்று, திரும்பி உள்ளே செல்கையில் முறுக்கிய இழையைச் சுற்றிக்கொள்ளும். வரும்போது ஒரு வேலை, போகும்போது ஒரு வேலை. அதன் வேகத்தையும் இழுவையையும் காதாலும் கையாலும் அறிந்து சரிசெய்யப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். மான்செஸ்டர்ச் சுற்றுவட்டாரத்தில் அது பெரிதும் ஆண்களின் தொழிலாகவும் வலுவான சங்கத்தின் காவலிலும் இருந்தது. ரிங் பிரேமில் வண்டியே கிடையாது. கதிரைச் சூழ்ந்து ஓர் எஃகு வளையம். அவ்வளையத்தின் விளிம்பில் நகக்கண் அளவேயான ஒரு கம்பி வளைவு கொக்கியாகத் தொற்றி ஓடும். ஆலைகளில் அதற்கு டிராவலர் என்று பெயர். கதிர் சுழலச் சுழல இழை அந்தக் கொக்கியை இழுத்துக்கொண்டு ஓட, முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் இடைவிடாது நடக்கும். தொழிலாளி செய்ய வேண்டியது, வரிசை நெடுகிலும் நடந்து அறுந்த இழையைக் கண்டு பிணைப்பதும், இழை சுற்றும் குழல்களான பாபின்கள் நிறைந்ததும் அவற்றைக் கழற்றி வெற்றுப் பாபின்களை மாட்டுவதும். சில மாதங்களில் கற்றுக்கொள்ளத்தக்க வேலை அது. ஆனால் ரிங் பிரேம் இழையைச் சற்று முரட்டுத்தனமாக இழுக்கும். குட்டை இழைப் பருத்தி அடிக்கடி அறுபடும். கையின் திறமைக்குப் பதிலாகப் பஞ்சின் தரத்தையும், பலவகைப் பஞ்சைக் கலக்கும் அறிவையும் இந்த இயந்திரம் கேட்டது எனலாம்.

அந்த அறிவை வளர்த்துக்கொள்ள இந்திய ஆலைகளுக்கு இருந்த இடம் குறுகலானது. மான்செஸ்டர் வணிகர்களின் வற்புறுத்தலால் பருத்தித் துணிமீதான இறக்குமதித் தீர்வை 1882இல் முற்றிலும் நீக்கப்பட்டது. அரசின் வருவாய் குறைந்ததால் 1894இல் 5 விழுக்காட்டுத் தீர்வையை மீண்டும் விதிக்க நேர்ந்தபோது, அது இந்திய ஆலைகளுக்குக் காப்பாகிவிடுமே என்ற கவலை லண்டனில் எழுந்தது. அக்கவலைக்குக் கண்ட மருந்து விந்தையானது. 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 விழுக்காடு, இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 விழுக்காடு என வரி சமனாக்கப்பட்டது. இரண்டாவது, உற்பத்தி வரி. அதாவது நாட்டுக்குள்ளேயே செய்யப்படும் பொருள்மீது, அது செய்யப்படும் இடத்திலேயே வாங்கும் வரி. பல நாடுகள் உள்நாட்டுத் தொழிலைக் காக்கத் தீர்வையை எண்ணிய காலத்தில், உள்நாட்டுத் தொழிலிடமிருந்து அயல் தொழிலைக் காக்க விதித்த வரி இது. முதல் உலகப்போரின் பணமுடையால் 1917இல் இறக்குமதித் தீர்வை 7.5 விழுக்காடாக உயர்ந்தது. உற்பத்தி வரி மட்டும் 1925 இறுதி வரை ஆலைகளைத் தொடர்ந்துவந்தது.

இதனால் தீர்வை ஒன்றே எல்லாவற்றுக்கும் விடை என்று முடிவுகட்டுவது எளிது. ஜப்பான் அதற்கு இடம்கொடுப்பதில்லை. 1858ஆம் ஆண்டின் உடன்படிக்கைகளாலும் 1866ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தாலும் ஜப்பானும் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கு மேல் தீர்வை விதிக்க இயலாதபடி கட்டுண்டிருந்தது. முழுத் தீர்வை உரிமை 1911இல்தான் அதற்குத் திரும்பக் கிடைத்தது. அதன் நூற்பாலைகளோ அதற்குள் வளர்ந்து முடிந்திருந்தன. 1880களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசே முன்னின்று நிறுவிய, ஒவ்வொன்றும் 2,000 கதிர்கள் கொண்ட ஆலைகள் பெரும்பாலும் நட்டமடைந்தன. அவை சிறியவை, ஆற்றுநீரை நம்பியவை, நடத்தத் தெரிந்தவர் இல்லாதவை. தொழில்முனைவர் ஷிபுசாவா எய்இச்சி அவற்றின் தோல்வியைக் கூர்ந்து பார்த்தவர். லண்டனில் படித்துக்கொண்டிருந்த யமனோபே தகேயோ என்ற இளைஞருக்கு அவர் மடல் எழுத, அவ்விளைஞர் படிப்பை விட்டுவிட்டு லங்காஷயரின் பிளாக்பர்ன் நகருக்குச் சென்று, ஆலையொன்றில் இறங்கி வேலை கற்றார். 1883இல் ஒசாகா நூற்பாலை 10,500 கதிர்களோடும் நீராவி எந்திரத்தோடும் இயங்கத் தொடங்கியது. இயந்திரம் விலையுயர்ந்தது, கூலி மலிவானது. ஆகவே இயந்திரத்தை இரவிலும் ஓய விடக்கூடாது என்பதே அதன் கணக்கு. முதலில் எண்ணெய் விளக்கிலும், 1886 முதல் மின்விளக்கிலும் இரவுமுறை வேலை நடந்தது. 1880களின் இறுதியில் ஜப்பானிய ஆலைகள் மியூலைக் கைவிட்டு ஏறத்தாழ ஒட்டுமொத்தமாக ரிங் பிரேமுக்கு மாறின.

அரசின் பங்கு இங்கேதான் வேறு வடிவில் வருகிறது. தீர்வையை உயர்த்த முடியாத அரசு, தாழ்த்துவதற்குத் தடை ஏதும் இல்லை என்று கண்டுகொண்டது. 1894இல் நூல் ஏற்றுமதித் தீர்வையும் 1896இல் பஞ்சு இறக்குமதித் தீர்வையும் நீக்கப்பட்டன. இரண்டாவது நடவடிக்கையால் ஜப்பானின் சொந்தப் பருத்தி உழவர்கள் அழிந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1893இல் நிப்பான் யூசென் கைஷா கப்பல் நிறுவனம் டாட்டாவின் துணையோடு பம்பாய்க்குப் பஞ்சுக் கப்பல் விட்டது. நூற்பாலையாளர் சங்கம் சரக்கை உறுதி செய்ய, கட்டணம் குறைந்தது. அந்தக் கப்பல்களில் போன இந்தியப் பஞ்சு, சீன, அமெரிக்கப் பஞ்சுகளோடு கலக்கப்பட்டு, சீனச் சந்தையில் பம்பாய் நூலையே பின்தள்ளும் நூலாக மாறியது. 1897க்குள் ஜப்பானின் நூல் ஏற்றுமதி அதன் நூல் இறக்குமதியை விஞ்சியது. பம்பாய் ஆலைக்காரர்களுக்கு இப்படியொரு அரசு கிடைத்திருந்தால் என்ற எண்ணம் அக்காலத்து இந்தியத் தேசியவாதிகள் பலருக்கு எழுந்ததில் வியப்பில்லை.

ஆயினும் குற்றம் முழுவதையும் ஆட்சியின் தலையில் ஏற்றிவிட முடியாது. பொருளியல் வரலாற்றாசிரியர் கிரிகரி கிளார்க் 1987இல் வெளியிட்ட ஆய்வில், 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைத் தொழிலாளி ஒருவர் செய்த வேலைக்குப் பிரிட்டனில் 1.5 பேரும், ஜெர்மனியில் 2.3 பேரும், கிரீஸ், ஜப்பான், இந்தியா, சீனா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 6 பேரும் தேவைப்பட்டனர் என்று கணக்கிட்டார். ஏழை நாட்டின் மலிவுக் கூலியை அங்கே குவிந்த ஆள் எண்ணிக்கை விழுங்கிவிட்டது என்பது அதன் பொருள். கிளார்க் இதைத் தொழிலாளரின் இயல்போடு சேர்த்துப் பார்க்க முற்பட்டது ஏற்கத்தக்கதாக இல்லை. 1910இல் இந்தியாவோடு ஒரே வரிசையில் நின்ற ஜப்பான், 1930களில் ஒரு பெண்ணிடம் பல மடங்கு கதிர்களை ஒப்படைத்திருக்க, இந்தியா ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. இருபது ஆண்டுகளில் ஒரு மக்களின் இயல்பு மாறிவிடாது, ஆலை நடத்தும் முறை மாறும். இந்தியாவில் ஆலையை நடத்தியது மேலாண்மை முகவர் முறை: பங்குதாரர் முதல் போட, ஒரு குடும்ப நிறுவனம் தரகு பெற்றுக்கொண்டு நிருவாகம் செய்யும். தொடக்ககாலப் பம்பாயில் அத்தரகு, இலாபத்தில் அன்றி, நூற்ற நூலில் பவுண்டுக்குக் கால் அணா என்ற கணக்கில் இருந்தது. ஆலை நட்டப்பட்டாலும் நூல் ஓடினால் முகவருக்குப் பணம். தொழிலாளரைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஜாபர் என்னும் மேஸ்திரி கையில் இருந்தன; வரிசையில் நிற்கும் பதிலி ஆட்களிடம் அவர் வாங்கிய கையூட்டு, ஆட்களைக் குறைப்பதை அவருக்கே பாதகமாக்கியது. தாழ்ந்த பஞ்சால் இழை அடிக்கடி அறுந்தது. அறுந்ததைப் பிணைக்க இன்னொரு கை சேர்க்கப்பட்டது. ஆட்குறைப்பு முயற்சி பின்னர் வந்தபோது, 1928இல் பம்பாய் ஆலைகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தத்தால் மூடிக்கிடந்தன. அதற்கு மறுஆண்டு ஜப்பானில் பெண்களின் இரவுமுறை வேலைக்கு விதித்த தடை நடைமுறைக்கு வந்தது; இழந்த மணிநேரத்தை ஈடுசெய்ய அங்குள்ள ஆலைகள் வேகமான இயந்திரங்களுக்கு மாறின.

ஜப்பானின் அந்த எண்களுக்குப் பின்னால் ஊர்ப்புறத்துச் சிறுமியர் இருந்தனர். தந்தை முன்பணம் வாங்கிக் கையொப்பமிட, ஆலை வளாகத்து விடுதியில் பூட்டிய கதவுக்குள் தங்கி, பஞ்சுத் தூசியில் பன்னிரண்டு மணிநேரம் நின்றவர்கள் அவர்கள்; பகல்முறை எழுந்த படுக்கையில் இரவுமுறை படுத்துக்கொண்டது. இஷிஹாரா ஒசாமு என்ற மருத்துவர் 1913இல் ஆலைப் பெண்களும் காசநோயும் குறித்து ஆற்றிய சொற்பொழிவில், நோயோடு ஊர் திரும்பியவர்கள் கிராமங்களில் அந்நோயைப் பரப்பி இறந்ததைக் கணக்கோடு எடுத்துரைத்தார். திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்ற உறுதியோடு, விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைக்கத் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பல அண்மைக்காலத்தில் இளம்பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டத்தை அறிந்தவர்களுக்கு, நூறாண்டுக்கு முந்தைய ஒசாகா அத்தனை தொலைவாகத் தோன்றாது.

சீனாவின் கதையை இங்கே சுருக்கமாகவே சொல்ல இயலும். 1895ஆம் ஆண்டின் ஷிமோனோசெகி உடன்படிக்கை அயல்நாட்டவர் சீனத் துறைமுக நகரங்களில் ஆலை வைக்க வழிவிட, ஜப்பானிய முதலாளிகள் ஷாங்காயில் ஆலை கட்டினர்; அத்தகைய ஆலையொன்றில் 1925இல் தொழிலாளி ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்து எழுந்ததே சீன வரலாற்றில் மே 30 இயக்கம் எனப்படும் பேரெழுச்சி.

தமிழகத்தின் பங்கு இவ்வரலாற்றில் ஓரத்தில் தொடங்கினாலும் பின்னர் முதன்மை பெறுகிறது. சென்னையில் பின்னி குழுமத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும், தாமிரபரணியின் நீர்வீழ்ச்சி விசையால் 1885இல் பாபநாசத்தில் இயங்கத் தொடங்கிய ஹார்வி ஆலையும் ஆங்கில முதலால் எழுந்தவை. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நின்றது, கூலிக் கோரிக்கையும் விடுதலைக் கோரிக்கையும் ஒரே மேடையில் சேர்ந்த நாள். கோயம்புத்தூரில் முதல் ஆலை 1888இலேயே வந்துவிட்டாலும், ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தது உலகமே பொருளாதார மந்தத்தில் முடங்கிக்கிடந்த 1930களில். அதற்குக் காரணங்கள் பல ஒரே இடத்தில் கூடின. நீண்ட இழை தரும் கம்போடியாப் பருத்தி அவ்வட்டாரத்துக் கிணற்றுப் பாசனத்தில் நன்கு பழகியிருந்தது. அதை விளைவித்தும் அரைத்தும் விற்றும் பொருள் சேர்த்த குடும்பங்களிடம் முதல் இருந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் நிலக்கரி இல்லாத குறையைத் தீர்த்தது. இந்திய அரசு 1930 முதல் உயர்த்திய தீர்வை, 1933இல் பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிக்கு 75 விழுக்காடு வரை ஏறியது. எகிப்துக்கு இல்லாமற்போன ஒவ்வொன்றும், நூறாண்டு கழித்து, கொங்கு நாட்டுக்கு ஏதோ ஒரு வகையில் வாய்த்தது. ஆனால் இயந்திரம் மட்டும் இன்னமும் கடல் கடந்தே வந்தது.

அந்த இடைவெளியை ஜப்பான் முன்பே தாண்டியிருந்தது. தச்சர் மகனான டொயோடா சகிச்சி முழுமையாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறி 1924இல் வெளிவந்தது. ஓட்டம் நிற்காமலே நூல் தீர்ந்த நாடாவை மாற்றிக்கொள்ளும், பாவு இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறி அது. 1929இல் அதன் காப்புரிமையை 1,00,000 பவுண்டுக்கு விலைபேசி வாங்கியது வேறெவரும் அல்லர், ஓல்டம் பிளாட் பிரதர்ஸ். உலகுக்கெல்லாம் கதிர் விற்ற நிறுவனம், தன்னிடம் வாங்கிப் பழகியவரின் நாட்டிலிருந்து இயந்திர அறிவை விலைக்கு வாங்கிய அந்த ஆண்டைத்தான் ஜப்பானுக்குத் தொழில் முழுமையாக வந்து சேர்ந்த ஆண்டாகக் கொள்ள வேண்டும். துணி ஏற்றுமதியில் அது பிரிட்டனை முந்திய 1933 அதன் விளைவு மட்டுமே. தறி செய்த அதே குடும்பம் 1937இல் மோட்டார் வாகன நிறுவனத்தைத் தொடங்கியது. கோயம்புத்தூரில் 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்ப உறவோடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கப்பட்டு, நூற்பு இயந்திரங்களை உள்நாட்டிலேயே செய்யலாயிற்று. பம்பாயில் முதல் ஆலை ஓடி நூற்றாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பரவலின் விசையையே தடைகள் தூண்டிவிட்ட விந்தையும் நிகழ்ந்தது. ஷாங்காயிலிருந்து வெளியேறிய ஆலை முதலாளிகள் 1940களின் இறுதியில் ஹாங்காங்கில் நூற்பைத் தொடங்கினர். பத்தாண்டுக்குள் அந்தச் சிறு நிலப்பகுதியின் துணி லங்காஷயரை அச்சுறுத்த, அதற்கு எல்லை கட்டும் உடன்பாடு 1959இல் கையொப்பமாயிற்று. பல்லிழை உடன்படிக்கை என்ற பெயரில் 1974இல் வந்த கோட்டா முறை, அதாவது எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வாங்கும் நாடுகள் வரம்பிடும் முறை, 2004 இறுதி வரை நீடித்தது. வரம்பை எட்டிவிட்ட நாட்டு முதலாளிகள் வரம்பில்லாத ஏழை நாடுகளைத் தேடிச் சென்றனர். இலங்கையில் 1978இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கத் தடையற்ற வணிக வலயத்துக்கு ஆடைத்தொழில் வந்ததும் இக்காலத்தில்தான். தென்கொரியாவின் டேவூ நிறுவனம் வங்கதேசத்தின் தேஷ் நிறுவனத்தோடு கைகோத்து, 1979இல் அங்கிருந்து 130 பேரைக் கொரியாவுக்கு அழைத்துச் சென்று தையலும் தரக்கட்டுப்பாடும் ஏற்றுமதி நடைமுறையும் கற்பித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் பெரும்பாலோர் தேஷ் நிறுவனத்தை விட்டு விலகி, தாமே ஆலை தொடங்கியோ பிற ஆலைகளில் சேர்ந்தோ தொழிலைப் பரப்பினர். வங்கதேசம் உலகின் பெரிய ஆடை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாயிற்று. அங்கே ஓடும் தையல் இயந்திரங்கள் பெரும்பாலும் இன்றும் இறக்குமதியாகியே வருகின்றன.